பாசியை யார் அள்ளுவது?

சுத்தம் என்கிற சொல்லுக்கு இந்தத் தேசத்தில் ஒரே அர்த்தம் இருந்ததில்லை. 1927 மார்ச் 20-ந் தேதி மகாராஷ்டிரத்து மகாடு நகரத்தில் அண்ணல் அம்பேத்கரும் அவரோடு சென்ற தீண்டப்படாத மக்களும் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். ஆடுமாடு குடித்துக்கொண்டிருந்த குளம்தான். மனிதர்கள் குடித்ததும் தீட்டாகிவிட்டது. சாதி இந்துக்கள் 108 குடங்களில் சாணி, கோமியம், பால், தயிர் கலந்து, மந்திரம் ஓதிக் குளத்தில் இறக்கினார்கள். குளம் சுத்தமாகிவிட்டது என்றார்கள். உழைக்கிறவன் கை பட்டால் கெட்டுப்போகும் தண்ணீர் மாட்டு மூத்திரம் பட்டால் தெளிந்துவிடும் என்பது அவர்களுடைய வேதியியல். அதே ஆண்டு டிசம்பர் 25-ல் அதே மகாடில் மநுஸ்மிருதியை எரித்து அண்ணல் அதற்குப் பதில் சொன்னார்.

இந்தக் கட்டுரை பேசப்போவது இன்னொரு வேதியியலை. இது புரட்டு இல்லாத வேதியியல். ஆலைக் கழிவுநீரில் கரைந்திருக்கும் குரோமியம், ஈயம், காட்மியம், பாதரசம், நிக்கல் மாதிரியான கன உலோகங்களைப் பாசியைக் கொண்டு பிரித்தெடுக்கலாம் என்பது ஆய்வுக்கூடங்களில் திரும்பத் திரும்ப நிரூபிக்கப்பட்ட விசயம். பாசிக்கும் தலித் அரசியலுக்கும் என்ன சம்பந்தம் என்று தோழர்கள் கேட்கலாம். தண்ணீரிலிருந்து நஞ்சை எப்படி எடுப்பது என்று விஞ்ஞானம் சொல்லிவிடும். எடுத்த நஞ்சை யார் தலையில் வைப்பது என்று விஞ்ஞானம் சொல்லாது. அந்த இடத்தில்தான் சாதி வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால் இது நம்முடைய விசயம்.

வலங்கைமான் வட்டாரத்தில் பாசி தெரியாத ஆள் கிடையாது. நடவு வயலில் தண்ணீர் நின்றால் நாலு நாளில் பச்சைப் படலம் கட்டும். "பாசி கட்டிருச்சு, பயிரு மூச்சு முட்டும், தண்ணிய வடிய வை" என்பார்கள். அப்படியும் போகாவிட்டால் மயில்துத்தத்தைச் சாக்கில் கட்டி மடைவாயில் போடுவார்கள். தண்ணீரோடு கரைந்து போய்ப் பாசியைக் கொல்லும். மயில்துத்தம் என்பது தாமிர உப்பு. இன்னொரு பக்கம், நீலப்பச்சைப் பாசி காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து நெல்லுக்கு உரமாக்குகிறது என்று பி.கே. டே 1939-லேயே கண்டறிந்தார். பின்னாளில் வேளாண்துறை அதே பாசியைக் காயவைத்து எக்டேருக்கு 10 கிலோ தூவச் சொன்னது. ஆக, பாசியைப் பற்றி நஞ்சை நிலத்துச் சனங்களுக்கு ரெண்டு பாடம் முன்னமே தெரியும். பாசி பயிருக்குச் சோறு போடும். தாமிரத்தை அளவுக்கு மேல் குடித்தால் செத்துப்போகும். அந்தத் தண்ணீரில் விடிகாலையிலிருந்து காலை ஊன்றி நிற்பது எங்கள் பெண்கள். விரலிடுக்கில் சேற்றுப்புண் ஆறாத கால்கள் அவை.

கழிவுநீர்த் தொட்டியிலும் பாசி செய்வது ஏறக்குறைய இதுதான். பாசியின் செல்சுவரில் எதிர்மின்னேற்றம் கொண்ட இடங்கள் நிறைய இருக்கின்றன. தண்ணீரில் கரைந்த ஈயம், காட்மியம், தாமிரம் போன்றவை நேர்மின்னேற்றம் கொண்டவை. ரெண்டும் நெருங்கினால் ஒட்டிக்கொள்ளும். இது நிமிசக் கணக்கில் நடந்துவிடும். அதற்குப் பிறகு, உயிருள்ள பாசி அந்த உலோகத்தை மெல்ல உள்ளே இழுத்து, தன்னிடமுள்ள சில புரதங்களால் கட்டிவைக்கும். ஓரளவு வரைக்கும் தாங்கும். அதன் பிறகு செத்துவிடும். கொடிய நஞ்சான ஆறிணைதிறக் குரோமியத்தை, நஞ்சு குறைந்த மூவிணைதிறக் குரோமியமாக மாற்றுகிற வேலையையும் பாசிகள் செய்கின்றன. குளோரெல்லா, செனடெஸ்மஸ், ஸ்பைருலினா என்று இதற்குப் பேர்போன பாசிகள் உண்டு. கடலில் விளையும் சர்காசம் பாசியும் உலோகத்தைப் பிடிப்பதில் கெட்டி.

தமிழ்நாட்டில் இது ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. ராணிப்பேட்டையில் ஸ்நாப் என்கிற ஆலை கடற்பாசியிலிருந்து அல்ஜினேட் எடுக்கிறது. அதன் அமிலக் கழிவுநீரைப் பாசியால் சுத்திகரிக்கும் அமைப்பை, சென்னை விவேகானந்தர் கல்லூரியைச் சேர்ந்த பாசியியலாளர் வி. சிவசுப்பிரமணியன் 2006-ல் நிறுவினார். அங்கே இருந்த சிக்கல் அமிலம். காஸ்டிக் சோடாவைக் கொட்டி அமிலத்தை முறித்துக்கொண்டிருந்த வரைக்கும் தொட்டியடியில் சகதி குவிந்தது. பாசியை வளர்த்த பிறகு ரசாயனச் செலவும் சகதியும் குறைந்தன. இந்த மண்ணில், இந்த வெயிலில், ஆலை அளவிலேயே பாசியை வேலை வாங்க முடியும் என்பதற்கு அது சாட்சி. வெயில் நமக்குப் பஞ்சமில்லை. பாசிக்கு வேண்டியதே வெயில்தான்.

இதைப் பற்றி விளக்க எங்கள் பகுதிப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒரு கூட்டம் நடந்தது. கல்லூரி ஆசிரியர் ஒருவர் வந்திருந்தார். நல்ல மனிதர், பொறுமையாகப் பேசினார். ஒரு பாட்டிலில் குரோமியம் கலந்த மஞ்சள் தண்ணீர், இன்னொன்றில் பாசி வேலை செய்து முடித்த தெளிந்த தண்ணீர். தூக்கிக் காட்டியதும் எல்லோரும் கைதட்டினோம். பின்வரிசையிலிருந்து எங்கள் தெரு அக்கா ஒருவர் எழுந்தார். நூறு நாள் வேலையில் வாய்க்கால் தூர்வாரியவர்.

"ஏஞ் சார், தண்ணி தெளிஞ்சிருச்சு, சரி. நஞ்ச முழுங்குன அந்தப் பாசிய யாரு சார் அள்ளுவா? அள்ளி எங்க கொண்டுபோயிக் கொட்டுவா?"

ஆசிரியர் கொஞ்சம் நிதானித்து, "அதுக்கு முறை இருக்கும்மா. பாதுகாப்பா அப்புறப்படுத்தணும்" என்றார்.

"அதான் சார் கேக்குறேன். அப்புறப்படுத்தணும்னா யாரு?"

அவரிடம் பதில் இல்லை. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அவர் படித்த புத்தகங்களில் அந்த வாக்கியம் செயப்பாட்டு வினையில்தான் எழுதியிருக்கும். கழிவு அப்புறப்படுத்தப்படும். சகதி அகற்றப்படும். தொட்டி தூய்மை செய்யப்படும். செய்கிறவன் யார் என்பது வாக்கியத்தில் இருக்காது. தமிழ் படித்த எனக்கு இது ஓர் இலக்கணக் கேள்வியாகவும் படுகிறது. அந்த வாக்கியங்களில் ஒளித்துவைக்கப்பட்ட எழுவாய் யார்? இந்தியாவில் அந்த எழுவாய்க்கு ஒரு சாதி இருக்கிறது. ஊருக்கு வெளியே ஒரு தெரு இருக்கிறது.

அக்காவின் கேள்விக்கு அடியில் இருப்பது ஓர் எளிய உண்மை. உலோகம் சாகாது. சாணி மக்கும், பிணம் மக்கும், சாயத்தைக்கூட நுண்ணுயிர்களை விட்டுச் சிதைக்கலாம். குரோமியம் குரோமியமாகவே இருக்கும், ஈயம் ஈயமாகவே இருக்கும். எரித்தால் சாம்பலிலும் புகையிலும் இருக்கும், புதைத்தால் மண்ணில் இருக்கும். வலங்கைமான் வெடிக்குப் பேர்போன ஊர். வாணத்தில் பச்சைப் பூ பூப்பது பேரியத்தால். பேரிய உப்பைப் பட்டாசில் சேர்க்க 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அதற்கு முன்னால் அத்தனை காலம் வானத்தில் பார்த்த பச்சையெல்லாம் எங்கே போனது? கீழேதான் விழுந்தது. கழிவுநீர் விசயத்திலும் அப்படித்தான். பாசி தண்ணீரைச் சுத்தப்படுத்தியது என்றால், தண்ணீரில் இருந்த நஞ்சு பாசிக்கு இடம் மாறியது என்று அர்த்தம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு லிட்டரில் கொஞ்சமாகப் பரவிக் கிடந்தது இப்போது ஒரு பிடிப் பாசியில் திரண்டு கிடக்கிறது.

இடம் மாற்றுவதையே சுத்தம் என்று சொல்லும் பழக்கம் நமக்குப் புதிதா? வர்ணாசிரமம் செய்த வேலையே அதுதான். அசுத்தத்தை யாரும் ஒழிக்கவில்லை. அதை ஒரு கூட்டத்தின் உடம்பில் ஏற்றி, அந்த உடம்பை ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள். செத்த மாட்டை அப்புறப்படுத்தச் சேரி, மலத்தை அள்ளச் சேரி, சாவுச்சேதி சொல்லச் சேரி. அக்கிரகாரம் சுத்தமாக இருந்ததற்குக் காரணம் அக்கிரகாரத்தில் அழுக்கு உண்டாகவில்லை என்பதில்லை. உண்டானதைத் தூக்கிக்கொண்டு போகச் சபிக்கப்பட்ட ஆட்கள் இருந்தார்கள் என்பதுதான்.

எங்கள் வட்டாரத்தில் தோல் ஆலைகள் கிடையாது. ஆனால் நஞ்சை அள்ளுவது யார் என்கிற கேள்விக்கு விடை வேண்டுமென்றால் பாலாற்றங்கரைக்குத்தான் போக வேண்டும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட காலம் ஒன்று உண்டு. 1970களில் ஏற்றுமதிக் கொள்கை மாறி, முழுதாகப் பதப்படுத்திய தோலுக்கு முன்னுரிமை வந்தபோது குரோமியப் பதனிடுதல் பெருகியது. தொட்டியில் போடும் குரோமியத்தில் ஏறக்குறைய மூன்றில் ரெண்டு பங்கைத்தான் தோல் பிடித்துக்கொள்ளும். மிச்சம் கழிவுநீரில் போகும். தோல் வெளுத்து, மினுங்கி, ஐரோப்பியக் கால்களுக்குச் செருப்பாகப் போகும். செத்த மாட்டின் தோலைத் தொட்டதற்காக ஒரு சனத்தையே தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கிய சமூகம், அதே தோல் டாலராகத் திரும்பி வந்தபோது இரு கையாலும் வாங்கிக்கொண்டது. தீட்டு தோலில் இருந்திருந்தால் பணத்திலும் ஒட்டியிருக்க வேண்டுமே!

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்புச் சொன்னது. அப்போது அந்த மாவட்டத்தின் பெயர் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். சுமார் 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழாகிவிட்டது என்கிற ஆய்வை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசு செய்தவனே விலை கொடுக்க வேண்டும் என்கிற கொள்கையை இந்தத் தேசத்தின் சட்டமாக்கியது. மிகப் பெரிய தீர்ப்பு. ஆனாலும், 28 ஆண்டுகளுக்கு மேல் கழித்து 2025 ஜனவரி 30-ல், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீட்டைக் கொடுத்து முடியுங்கள், அதை மாசு செய்தவர்களிடம் வசூலியுங்கள் என்று அதே உச்ச நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

ராணிப்பேட்டையில் குரோமிய உப்புகளைத் தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு அதன் வளாகத்தில் மலையாக நின்றது. உலகத்தின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்கள் என்று 2006-ல் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது. லாபம் போன இடம் தெரியும், ஆலை போன இடம் தெரியும். நஞ்சு மட்டும் போகவில்லை. அந்த மண்ணில் குடியிருந்தவர்களும் போகவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் ஆலைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தது. கழிவுநீரிலிருந்து பிரித்த சகதியை ஒரு தொட்டியில் தேக்கிவைத்திருந்தார்கள். 2015 ஜனவரி 31-ந் தேதி, நள்ளிரவு தாண்டிய நேரத்தில் அந்தத் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலைக்குள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்மேல் சகதி பாய்ந்தது. பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கவனியுங்கள் தோழர்களே, அவர்களைக் கொன்றது சுத்திகரிக்காத கழிவு இல்லை. சுத்திகரித்ததன் மிச்சம். தண்ணீரைச் சுத்தமாக்கினார்கள், எடுத்த நஞ்சைத் தொழிலாளியின் தலைமாட்டில் வைத்தார்கள். சுத்திகரிப்பு என்கிற சொல்லை நான் நம்ப மறுப்பது இந்தப் பத்துப் பேருக்காகத்தான்.

இனிப் பாசிக்குத் திரும்புவோம். ஆராய்ச்சிகளில் ஒரு விசயம் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. உலோகத்தைப் பிடிப்பதற்குப் பாசி உயிரோடு இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. காயவைத்துப் பொடியாக்கிய செத்த பாசியும் பிடிக்கும், ஏனென்றால் ஒட்டிக்கொள்வது செல்சுவரில்தான். ஆலைக்கு அதுவே வசதி. உயிருள்ள பாசிக்கு வெளிச்சம் வேண்டும், சத்து வேண்டும், நஞ்சு மிஞ்சினால் செத்துவிடும் என்கிற கவலை வேண்டும். செத்ததற்கு ஒரு செலவும் இல்லை. இது பாசியைப் பற்றிய வாக்கியமாக இருக்கும் வரை அதில் குற்றமில்லை. ஆனால் உயிரைவிடச் சடலம் மலிவு என்கிற கணக்கு ஆலைக் கணக்குப் புத்தகத்தில் பாசியோடு நின்றுகொள்வதில்லை. சாக்கடைக்குள் இறக்கிவிடும் மனிதனுக்கு முகமூடி வாங்காத ஒப்பந்தக்காரனும் இதே கணக்கைத்தான் போடுகிறான்.

மலிவாகக் கிடைப்பதைப் புகழ்ந்து பாடுவதும் நம்மூர் வழக்கம். பாசியை இயற்கையின் மௌனத் தொண்டன் என்று எழுதுகிறார்கள். இந்தத் தொனியை நாம் ஏற்கெனவே கேட்டிருக்கிறோம். 1936 நவம்பரில் காந்தியார் தம் 'ஹரிஜன்' ஏட்டில் இலட்சியத் தோட்டி எப்படி இருக்க வேண்டும் என்று கட்டுரை எழுதினார். அதே ஆண்டு அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலை வெளியிட்டார். சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமில்லை, வேலை செய்கிறவர்களைப் பிரிப்பது என்று அதில் காட்டினார். ஒருவர் வேலைக்கு மகுடம் சூட்டினார், இன்னொருவர் அந்த வேலையில் பிறப்பால் கட்டிப்போடப்பட்டவனின் கயிற்றைக் காட்டினார். மகுடம் வைத்தாலும் மலக்கூடை மலக்கூடைதான்.

துப்புரவு என்கிற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். திருக்குறளில் அந்தச் சொல்லுக்கு உணவு, நுகர்கிற பொருள் என்று அர்த்தம். உண்ணவும் உடுக்கவும் அனுபவிக்கவும் உள்ளவை எவையோ அவை துப்புரவு. அந்தச் சொல் நடந்து நடந்து வந்து, எதையும் அனுபவிக்க விடப்படாத ஒரு கூட்டத்தின் வேலைக்குப் பெயராகிவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் அரசாங்கம் அதையும் மாற்றித் தூய்மைப் பணியாளர் என்று கூப்பிடச் சொன்னது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் வேலைப் பாதுகாப்புக் கேட்டுப் பதிமூன்று நாள் உட்கார்ந்திருந்த அந்தத் தூய்மைப் பணியாளர்களைத்தான் நள்ளிரவில் போலீசை விட்டு அப்புறப்படுத்தினார்கள். பெயரைத் தூய்மையாக்குவது சுலபம்.

இதையெல்லாம் பேசும்போது தோழர் ஒருவர் கோபப்பட்டார். "பாசியோட நம்ம சனத்த ஒப்பிடுறீங்களே, இது நம்மள நாமே கேவலப்படுத்துறது இல்லையா?" நியாயமான கோபம். அவருக்கு நான் சொன்னது இதுதான். ஒப்பிடுவது நான் இல்லை, இந்தச் சமூகம்தான். அழுக்கைத் தின்பது இவர்கள் இயல்பு, இவர்களுக்கு அது உறைக்காது என்று நம்மை ஒரு தாவரம் மாதிரிப் பார்த்தது அது. பாசிக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றே ஒன்று. பாசிக்கு முடியாது என்று சொல்லத் தெரியாது. பறையடிக்க மாட்டோம், செத்த மாடு தூக்க மாட்டோம் என்று மறுத்து அதற்காக அடிபட்ட ஊர்கள் தமிழ்நாடு முழுக்க உண்டு. மறுத்தவன் வரலாறுதான் தலித் வரலாறு. ஆகவே பாசியின் இடத்தில் நம்மை வைக்க நினைக்கிறவர்கள், வாய் பேசும் பாசியைச் சந்திக்கத் தயாராக வேண்டும்.

அப்படியானால் இந்தத் தொழில்நுட்பமே வேண்டாமா? வேண்டும். தாராளமாக வேண்டும். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் இன்னொரு சட்டம். சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்கச் சொல்லி 2014-ல் ஒரு தீர்ப்பு, அதை 30 லட்சமாக உயர்த்தி 2023-ல் ஒரு தீர்ப்பு. சாவின் விலைதான் ஏறிக்கொண்டு போகிறது. மனிதன் இறங்க வேண்டிய தொட்டியில் பாசி இறங்குமானால் அதை முதலில் வரவேற்க வேண்டியவர்கள் நாம்தான். இயற்கையே போதும், பழைய கிராமமே சொர்க்கம் என்று பாடுகிறவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. பழைய கிராமத்தில் சுத்திகரிப்பு எந்திரமாக இருந்தவர்கள் நாம். நம் சந்தேகம் எந்திரத்தின்மேலும் இல்லை, பாசியின்மேலும் இல்லை. அதன் கடைசிப் படியில் யாரை நிறுத்தப்போகிறீர்கள் என்பதில்தான்.

கடைசிப் படி எங்கே இருக்கும் என்பதைத் தஞ்சைத் தரணியின் நில அமைப்பே சொல்லும். ஆற்றின் மேல்துறை யாருக்கு, கீழ்த்துறை யாருக்கு என்பதைக் காவிரி முடிவு செய்யவில்லை. பாசன வாய்க்காலை ஒட்டிக் குடியானத் தெரு இருக்கும். வயலெல்லாம் பாய்ந்து, உரமும் பூச்சிமருந்தும் கழுவிக்கொண்டு வரும் தண்ணீர் விழுகிற வடிகாலை ஒட்டிச் சேரி இருக்கும். தண்ணீர் எப்போதும் பள்ளத்துக்குத்தான் பாயும் என்பார்கள். உண்மைதான், பள்ளத்தில் எங்களை வைத்தது தண்ணீர் இல்லை. இதே கணக்கைப் பெரிதாக்கிப் பார்த்தால் மொத்த டெல்டாவும் ஒரு சேரிதான். திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் விழுந்தது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத்தொட்டி ஆனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. நொய்யல் சேர்வது காவிரியில். காவிரியிலிருந்து திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கம் பிரிகிற குடமுருட்டிதான் எங்கள் ஊர்ப்பக்கம் வருகிறது. மேலே இருக்கிறவன் கழிவு கீழே இருக்கிறவனுக்குத் தீர்த்தம். கடைமடையில் நிற்கிற மிராசுதாருக்கு இப்போது கோபம் வருகிறது. வரட்டும். அந்தக் கோபத்தைத் தன் வயலின் வடிகால் ஓரத்தில் நூறு வருசமாக நிற்பவன் பக்கமும் கொஞ்சம் திருப்பிப் பார்க்கட்டும்.

நாளைக்கு எங்கள் பக்கம் பாசித் தொட்டி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இடம் எங்கே ஒதுக்குவார்கள்? சேரியை ஒட்டிய புறம்போக்கில்தான். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் திறந்த தொட்டி வழியும். உலோகம் தின்ற பாசி வடிகாலில் இறங்கும். பாசியை நத்தை மேயும், சின்ன மீன் மேயும். வயல் நண்டும் நத்தையும் கெண்டைப்பொடியும்தான் கறி வாங்க முடியாத எங்கள் வீட்டுக் குழம்பு. ஜப்பானில் மினமாட்டா கடலில் ஆலை கொட்டிய பாதரசம் இப்படித்தான் மீன் வழியாக மீனவர் வீட்டுச் சோற்றுக்குள் ஏறி வந்தது. 1956-ல் அந்த நோய் வெளியே தெரிவதற்கு முன்பே பூனைகள் பைத்தியம் பிடித்துச் செத்தன. நஞ்சு மேலே ஏறுகிற ஏணியில் பாசிதான் முதல் படி என்பதை மறந்துவிட்டுப் பாசியைக் கொண்டாட முடியாது.

இதற்கு ஓர் அறம் தேடி மேல்நாட்டுத் தத்துவம் படிக்க வேண்டியதில்லை. பங்குனியில் வலங்கைமான் மகாமாரியம்மன் கோயிலில் பாடைக்காவடி எடுப்பார்கள். உயிர்போகிற நோயிலிருந்து பிழைத்தவர், நேர்ந்துகொண்டபடி, பச்சை மூங்கில் பாடையில் பிணம் மாதிரிப் படுப்பார். சொந்தக்காரர்கள் தூக்கி வருவார்கள். முன்னால் கொள்ளிச்சட்டி போகும். நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. ஆனால் அந்தச் சடங்கில் ஒரு நேர்மை இருக்கிறது. உயிர் யாருக்குக் கிடைத்ததோ அவரே பாடையில் படுக்க வேண்டும். எனக்குப் பதிலாக என் பண்ணையாளைப் படுக்கவைக்கிறேன் என்று எவரும் சொல்ல முடியாது, அம்மன் ஒத்துக்கொள்ளமாட்டாள். நம்முடைய தொழிற்சாலைகளுக்கு இந்த எளிய நீதிகூட இல்லை. லாபம் ஒருத்தனுக்கு, பாடை இன்னொருத்தனுக்கு.

ஆகவே என் நிலைப்பாடு இது. நஞ்சு யாருடையதோ, நஞ்சைக் குடித்த பாசியும் அவருடையதே. உலோகத்தைப் பிடித்த பாசியை அமிலத்தில் அலசினால் உலோகத்தைத் திரும்ப எடுக்கலாம், பாசியைச் சில தடவை மறுபடி பயன்படுத்தலாம். தோல் ஆலையிலேயே குரோமியத்தை மீட்டுத் திரும்ப அதே தொட்டியில் போடுவதற்கும் வழி இருக்கிறது. திரும்ப எடுப்பதற்குச் செலவாகும், கொட்டுவதற்குச் செலவாகாது. கொட்டுவதற்கு ஏன் செலவாகவில்லை? கொட்டுகிற இடத்துக்கும் அள்ளுகிற கைக்கும் இந்த நாட்டில் விலை இல்லை என்பதால். மாசு செய்தவன் விலை கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதை நாம் ஒரு படி மேலே கொண்டுபோக வேண்டும். விலை கொடுத்துவிட்டு நஞ்சை எங்களிடம் விட்டுப்போவதை ஏற்க முடியாது. நஞ்சையே அவன் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். பாசித் தொட்டி ஆலையின் மதிலுக்கு உள்ளே இருக்க வேண்டும். அதைக் காய்ச்சுகிற, அள்ளுகிற, உலோகம் பிரிக்கிற வேலை, கற்றுக்கொடுத்துச் செய்யவைக்கும் தொழிலாக, ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவருக்குக் கொடுக்கும் கையுறையோடும் சம்பளத்தோடும் இருக்க வேண்டும். அந்த வேலைக்கு எல்லாத் தெருக்களிலிருந்தும் ஆள் வர வேண்டும். வராவிட்டால், தொழில்நுட்பம் புதிது, சாதி பழசு என்று அர்த்தம்.

விஞ்ஞானம் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நுண்ணுயிரியலும் தாவரவியலும் படித்துப் பாசி ஆராய்ச்சிக்குப் போகிற முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். போங்கள், அந்த ஆய்வுக்கூடத்தில் நமக்கு வேலை இருக்கிறது. ஆனால் உங்கள் ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில், கழிவு பாதுகாப்பாக அகற்றப்படும் என்று எழுதாதீர்கள். யார் அகற்றுவார், என்ன கூலிக்கு, கையில் என்ன போட்டுக்கொண்டு, எந்த ஊரில், யார் வீட்டுக்குப் பக்கத்தில் என்று எழுதுங்கள். அப்படி எழுத முடியவில்லையென்றால் அந்தத் தொட்டியைக் கட்டச் சொல்லாதீர்கள்.